இப்பத்தானே வந்துட்டுப் போனீங்க

சலவைக்கடைக்காரர் துணி அடுக்குகளுக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் நீட்டி, "என்னக்கா, எதையாவது மறந்துட்டுப் போயிட்டீங்களா?" என்று கேட்டார்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னும் கடைக்குள் காலே வைக்கவில்லை. ஒரு கையில் காலிப் பையும் மறுகையில் குழந்தை சிட்டுவின் கையுமாக வாசல்படியில் நின்றபடி, துணி வாங்கத்தான் வந்தேன், இரண்டு சட்டை, ஒரு போர்வை, முந்தாநாள் போட்டது என்றாள். அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். காலையில் கடை திறந்த கையோடு முதல் ஆளாக வந்து வாங்கிப் போனது அவள்தான் என்றார். குழந்தை எங்கே என்று தான் கேட்டதையும், வீட்டில் இருக்கிறது என்று அவள் சொன்னதையும்கூட ஒன்று விடாமல் ஒப்பித்தார்.

"நானா?"

"நீங்கதான்க்கா. உங்களத் தெரியாதா எனக்கு?"

கஞ்சியும் சூடான துணியும் கலந்த அந்தக் கடையின் வாசனை எப்போதும் அவளுக்குப் பிடிக்கும். ஆள் நிறைந்த வீட்டின் வாசனை அது என்று நினைத்துக்கொள்வாள். இன்றைக்கு அது தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டது. கடை திறக்கிற நேரத்துக்கு அவள் குளியலறைத் தரையில் மண்டியிட்டு, கண்ணில் சோப்பு போய்விட்டதென்று ஊரைக் கூட்டிக்கொண்டிருந்த சிட்டுவின் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு எத்தனை முகம் பார்க்கிற மனுஷன், நேற்றையும் இன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார், பாவம். வாக்குவாதம் செய்து அவளுக்குப் பழக்கமில்லை. சரி தம்பி என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

பிள்ளை பார்ப்பதுதான் அவள் தொழில். முப்பது வருடமாக அது ஒன்றைத்தான் செய்துவருகிறாள். சிட்டுவின் அம்மா அவளை அக்கா என்று கூப்பிட, மூன்றரை வயதுச் சிட்டு தன் பங்குக்கு ஓர் அம்மாவையும் சேர்த்து ஒட்டி, அவளை அக்காம்மா ஆக்கிவிட்டாள். சிட்டு அவளுடைய பதினோராவது பிள்ளை. தனக்கென்று ஒன்று பிறக்கவில்லை. கணவர் போய் ஒன்பது வருடமாகிறது. பேருந்தில் நாற்பது நிமிட தூரத்தில் ஓர் அறை. அங்கே அவள் பேசுவது பெரும்பாலும் பால் பொங்கும்போது பாலிடம்தான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாய் திறக்காமல் இருந்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் நடத்துனரிடம் இறங்க வேண்டிய இடத்தைச் சொல்லும்போது தன் குரல் தனக்கே யாருடையதோ போலக் கேட்டதுண்டு.

வளர்த்த பிள்ளைகள் யாரும் அவளை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அது அவர்கள் குற்றமில்லை. நடக்கவும் சாப்பிடவும் கற்றுக்கொண்டு, பேச்சு கூடிவந்து, பள்ளிக்கூடம் போனதும் அவளைக் கழற்றி வைத்துவிடும் வயது அது. போன வருடம் மூன்றாவது பிள்ளை பேருந்தில் அவளுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு வந்தான். மீசை முளைத்திருந்தது. கம்பியைப் பிடித்திருந்த கையை வைத்துத்தான் அவள் கண்டுபிடித்தாள். குழந்தைகளை அவளுக்கு முகத்தைவிடக் கையால்தான் தெரியும். அவன் அவளைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று மட்டும் சொன்னான்.

சிட்டுவின் கை எந்நேரமும் பிசுபிசுவென்றிருக்கும். எத்தனை முறை கழுவினாலும் அரைமணியில் எதையாவது பிசைந்துகொண்டு வந்து நிற்கும். அந்தப் பிசுபிசுப்பைப் பிடித்துக்கொண்டு, சிட்டு சாலையில் தெரிந்த நாய், குப்பைத் தொட்டி, மொட்டைத் தலை என்று எல்லாவற்றையும் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டு வர, அவள் செருப்புத் தைக்கிறவரிடம் போனாள்.

அவர் மரத்தடியில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் கிழவர். பேச்சு குறைவு. சிட்டுவின் செருப்பு வார் அறுந்து போய் அவரிடம்தான் கொடுத்திருந்தது. அவளைக் கண்டதும் ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, பத்தலையா, இன்னும் இழுத்துக் கட்டணுமா என்று கேட்டார்.

எதை என்று கேட்டாள்.

அரைமணி நேரம்கூட ஆகவில்லை, வந்து வாங்கிக்கொண்டு போனாயே அந்தச் செருப்பைத்தான் என்றார்.

சிட்டு கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பசைவாடை காற்றில் நின்றது. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. அவள் சற்றுக் குனிந்து, வேறு யாரையாவது பார்த்துவிட்டுச் சொல்கிறீர்களோ என்று மெதுவாகக் கேட்டாள். கிழவருக்குக் கோபம் வரவில்லை. தலையைக்கூடத் தூக்கவில்லை.

"நான் யார் மூஞ்சியும் பாக்கறதில்லம்மா. எனக்குக் காலுதான் கணக்கு. உன் இடது காலு லேசா இழுக்கும், செருப்பு அந்தப் பக்கம் தேஞ்சிருக்கும். இதே காலுதான். இதே செருப்புதான்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னார்: "என்ன, அப்ப அதுல ஒரு பொட்டுத் தூசி இல்ல. தெருவுல நடந்து வந்த காலாவே தெரியல."

அவள் தன் செருப்பைப் பார்த்தாள். விரல் இடுக்குவரை புழுதி.

அங்கிருந்து மருந்துக் கடைக்கு இரண்டு தெரு. யாரோ தன்னைப் போலவே இருக்கிற ஒருத்தி இந்தப் பேட்டையில் புதிதாகக் குடிவந்திருக்கிறாள், உலகத்தில் ஏழு பேர் ஒரே சாடையில் இருப்பார்களாமே என்று ஒரு மனம் சொன்னது. அப்படியே இருந்தாலும் அடுத்தவர் வீட்டுச் சட்டையும் போர்வையும் அறுந்த செருப்பும் அவளுக்கு எதற்கு என்று இன்னொரு மனம் கேட்டது. அவள் இதுவரை வேலை பார்த்த எந்த வீட்டிலும், இந்தாங்க, இதை நான் செய்கிறேன் என்று அவள் கையிலிருந்து ஒரு வேலையை யாரும் வாங்கியதில்லை. இன்றைக்கு யாரோ வரிசையாக வாங்கிக்கொண்டு போகிறார்கள். சிரிக்கலாம் என்று பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

காலையில் கடை திறந்ததும். அப்புறம் அரைமணிக்கு முன்னால்.

நெருங்கிக்கொண்டு வருகிறது என்று தோன்றியது. யார் யாரை நெருங்குகிறார்கள் என்று யோசிக்க அவளுக்குப் பிடிக்கவில்லை. நடையை எட்டிப் போட்டாள். சிட்டு பின்னால் ஓடி ஓடி வந்தாள்.

மருந்துக் கடையில் கூட்டம் அப்பிக்கொண்டிருந்தது. குளிரூட்டியின் ஈரக் குளிரும் பினாயில் வாடையும் முகத்தில் அடித்தன. வெளி வெயிலிலிருந்து உள்ளே வந்த கண்ணுக்கு முதலில் எல்லாம் கறுப்பாகத்தான் தெரிந்தது. முதுகுகள், தோள்கள், பைகள். அவற்றுக்கு இடையில் நுழைந்து கண்ணாடி மேடையைத் தொட்டு, சிட்டுவின் இருமல் மருந்துச் சீட்டை எடுக்கப் பைக்குள் கையை விட்டாள். சீட்டு அடியில் போய் மடிந்து கிடந்தது. அதை எடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. சிட்டு, அசையாம நில்லு என்று சொல்லிக்கொண்டே பிடியை விட்டாள்.

மருந்துக்கடைப் பெண் சீட்டை வாங்கிப் பார்த்ததும் நிமிர்ந்தாள். முகத்தில் எரிச்சல்.

"இப்பத்தானே வந்துட்டுப் போனீங்க? பாட்டில கையில குடுத்துட்டு நான் இன்னும் திரும்பக்கூட இல்ல."

அக்காம்மா திரும்பிப் பார்த்தாள். வாசலின் கண்ணாடிக் கதவு முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருந்தது. யாரோ அந்த நொடியில்தான் அதைத் தள்ளிக்கொண்டு வெளியே போயிருக்கிறார்கள். அதற்கப்பால் வெயில் மட்டும் வெள்ளையாக நின்றது.

அப்போதுதான் கை காலியாக இருப்பது உறைத்தது.

சிட்டு.

சிட்டு, சிட்டு என்று கூப்பிட்டாள். முதுகுகள் திரும்பவில்லை. கீழே குனிந்து கால்களுக்கு இடையில் தேடினாள். பேண்ட் கால்கள், செருப்புகள், ஒரு ஊன்றுகோல். முப்பது வருடத்தில் ஒரு பிள்ளையைக்கூட அவள் தொலைத்ததில்லை. நிமிர்ந்து வாய்விட்டுக் கத்தப் போன சமயத்தில், பின்பக்கமிருந்து ஒரு சின்னக் கை வந்து அவள் கைக்குள் நுழைந்துகொண்டது.

உயிர் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கையை நெஞ்சோடு சேர்த்து ஒருமுறை அழுத்தினாள். மருந்தும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம் என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே வந்தாள்.

சிட்டுவின் வீட்டுக்கு நடந்தாள். மணி ஒன்றரையை நெருங்கிக்கொண்டிருந்தது. போனதும் சிட்டுவைத் தூங்க வைத்துவிட்டுத் தொலைக்காட்சியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும். எல்லாம் சரியாகிவிடும். அந்த வீட்டில் படுக்கையறைச் சுவரில் ஒட்டினாற்போல் புதிது ஒன்று இருந்தாலும், கூடத்து மூலையில் வீட்டு உரிமையாளர் விட்டுப்போன வயிறு பெருத்த பழைய பெட்டிதான் அவளுக்குச் சிநேகிதம். போட்டால் உடனே வராது. முதலில் ஒரு முனகல், அப்புறம் சூடேறிய தூசியின் வாசனை, தலையில் ஒரு தட்டுத் தட்டினால் படம். மத்தியானம் ஒன்றரைக்கு அதில் ஒரு பழைய தொடர் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. கறுப்பு வெள்ளை. பெரிய வீடு, பெரிய குடும்பம், வளைந்த மாடிப்படி. கல்யாணமான புதிதில் பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கணவரோடு நின்றபடி பார்த்தது. அதில் ஒட்டுக் கேட்கப் போய் ஒட்டுக் கேட்கப் போய் மாடிப்படியில் உருண்டு விழுகிற சமையல்காரன் ஒருவன் வருவான். அவன் விழும்போதெல்லாம் அவளுக்கு மூக்கால் ஒரு சிரிப்பு வரும், பன்றி உறுமுவதுபோல. "இந்தச் சிரிப்பை வச்சே உன்னைக் கூட்டத்துல கண்டுபிடிச்சுடலாம்" என்பார் அவர். அந்த வீட்டில் எத்தனை பேர் நடமாடினார்கள், எத்தனை பேச்சு! அரைமணி நேரம் அவளும் அதில் ஒருத்தி.

பாதி வழியில்தான் சிட்டு பேசவே இல்லை என்பதைக் கவனித்தாள்.

நாய் போனது. குப்பைத் தொட்டி வந்தது. ஒரு வார்த்தை இல்லை. தூக்கக் கலக்கமாக இருக்கும். குனிந்து பார்த்தாள். உச்சி வகிடு, மஞ்சள் கிளிப், தொங்கப்போட்ட தலை. கை மட்டும் இறுக்கமாகப் பிடித்திருந்தது. சில்லென்று, உலர்ந்து, வழவழவென்று. குளிரூட்டியில் நின்ற கை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இன்னும் சிறிது தூரம் போனதும், வெயிலில் இவ்வளவு நேரம் வந்தும் கை ஏன் சூடேறவில்லை என்று நினைத்தாள். அதற்கு மேல் நினைக்கவில்லை.

மூன்று மாடி. முதல் படியிலேயே தூக்கு என்று இரண்டு கையையும் நீட்டும் பிள்ளை, இன்றைக்குக் கேட்கவில்லை. ஏறியது. அவள் முழங்கால் வலித்தது, மூச்சு வாங்கியது, கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். மாடிப்படியில் நிழலும் பழைய சிமெண்டின் ஈரவாடையும். எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய செருப்பு ஓசை கேட்டது. ஒரு கால் அழுத்தமாக, ஒரு கால் இழுத்து. சரக், சர்ர். சரக், சர்ர்.

வேறு ஓசை எதுவும் கேட்கவில்லை.

இரண்டாவது மாடி திரும்பியபோது இசை கேட்டது.

அந்தத் தொடரின் ஆரம்ப இசை. பழைய பெட்டியின் கரகரத்த தொண்டையில். மேலேயிருந்து வந்தது. கிளம்பும்போது அவளேதான் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்தாள். மூன்றாவது மாடியில் இரண்டே வீடு. எதிர்வீட்டு ஓய்வுபெற்ற டீச்சரம்மாவிடம் தொலைக்காட்சி கிடையாது.

கதவின் முன்னால் நின்றாள். உள்ளே ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள், அந்தப் பெரிய வீட்டு ஆட்கள். யாரோ யாரையோ திட்டினார்கள். மாடிப்படியில் எவனோ பதுங்கிப் பதுங்கி வருகிற வாத்தியம். அப்புறம் தடதடவென்று உருளும் சத்தம்.

உள்ளே ஒருத்தி சிரித்தாள்.

மூக்கால்.

அவளுக்குத் தன் கை தன் வாயை மூடுவது தெரிந்தது. இல்லை, நான் சிரிக்கவில்லை. வாயை மூடியிருக்கிறேன். சிரிப்பு இன்னும் உள்ளே கேட்கிறது.

சாவியை நுழைத்தாள். திரும்பியது. கதவு அசையவில்லை. உள்தாழ்ப்பாள். மணியை அழுத்தினாள்.

தொலைக்காட்சியின் சத்தம் குறைந்தது. நடந்து வரும் ஓசை. சரக், சர்ர். சரக், சர்ர். கதவில் பார்க்கிற ஓட்டையின் வெளிச்சப் பொட்டு அணைந்தது. மரப்பலகைக்கு அந்தப் பக்கம், ஒரு சாண் தூரத்தில், யாரோ நின்று அவளைப் பார்த்தார்கள். வீடு வீடாக வரும் விற்பனைக்காரர்களிடம் பேசுவதற்கென்று அவள் வைத்திருக்கும் குரலில், அலுப்பும் மரியாதையும் சரிபாதி கலந்த அதே குரலில், உள்ளிருந்து பதில் வந்தது.

"வீட்ல யாரும் இல்லீங்க. அப்புறமா வாங்க."

வெளிச்சப் பொட்டு திரும்ப வந்தது. காலடி ஓசை போனது.

அவள் கத்தவில்லை. முதலில் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். குழந்தை என்னிடம் இருக்கிறது. உள்ளே யார் புகுந்திருந்தாலும் சரி, வீட்டையே தூக்கிக்கொண்டு போனாலும் சரி, குழந்தை பத்திரமாக என் கையில் இருக்கிறது. அந்தக் கையை இறுக்கிப் பிடித்தாள். அதுவும் இறுக்கிப் பிடித்தது.

கைபேசி வீட்டுக்குள் மின்னேற்றியில் கிடந்தது. டீச்சரம்மாவின் கதவைத் தட்டினாள். சங்கிலி போட்டபடி ஒரு விரற்கடை திறந்தது. அவசரம், சிட்டு அம்மாகிட்ட பேசணும் என்றாள். டீச்சரம்மா அவள் முகத்தைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் தன் கைபேசியை இடுக்கு வழியாக நீட்டினார். எண் மனப்பாடம். அலுவலகத்தில் சிட்டுவின் அம்மா எடுத்தாள்.

அக்காம்மா தணிந்த குரலில், ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்ல முயன்றாள். வீட்டுக்குள் யாரோ இருக்கிறார்கள், தாழ் போட்டிருக்கிறார்கள், நீ பயப்படாதேம்மா, சிட்டு என்னோடு வெளியே இருக்கிறாள், போலீசைக் கூப்பிடு.

"அக்கா, இப்பத்தானே பேசினோம். மருந்து வாங்கியாச்சு, சிட்டு தூங்கறான்னு சொன்னீங்க. பின்னால டிவி சத்தம்கூடக் கேட்டுச்சு. யாருங்க இது?"

"நான்தாம்மா. நான்தான்."

"சிட்டுகிட்ட குடுங்க."

குனியாமல், கையை மட்டும் தாழ்த்திக் கைபேசியைக் கீழே பிடித்தாள். அம்மாகிட்ட பேசு கண்ணு என்றாள். பிறகு கீழேயிருந்து, மெல்ல, ஒவ்வோர் எழுத்தாக, புதிதாகக் கற்றுக்கொண்ட சொல்லைச் சொல்வதுபோல ஒரு குரல் வந்தது.

"அம்... மா."

அவள் கைபேசியைத் தன் காதுக்குக் கொண்டுவந்தாள். சிட்டுவின் அம்மாவின் மூச்சு கேட்டது.

"அது சிட்டு இல்ல." குரல் தாழ்ந்து போயிருந்தது. "யாரு அது? உங்க பக்கத்துல யாரு இருக்காங்க?"

அந்தப் பக்கத்தில் இன்னொரு தொலைபேசியில் அவசரமாக எண் அழுத்தும் ஓசை. அடுத்த கணம் பூட்டிய கதவுக்குப் பின்னால் அக்காம்மாவின் கைபேசி மணியடித்தது. இரண்டு முறை. எடுத்தார்கள்.

"சொல்லும்மா... ஆமா, நான் வீட்லதானே இருக்கேன். ... இல்லையே, இப்பத்தான் முழிச்சா. இந்தா, பேசறாளாம்."

அப்புறம் சிட்டு பேசினாள்.

சிட்டுதான். கதவுக்குள்ளிருந்து, தூங்கி எழுந்த கரகரப்பும் மூக்கடைப்புமாக, மூச்சு விடாமல், வார்த்தைமேல் வார்த்தை ஏற. அம்மா, நான் நாய் பாத்தேன், மொட்டைத் தலை பாத்தேன், அக்காம்மா என்னை வழியெல்லாம் தூக்கிட்டே வந்தா.

காதோடு இருந்த கைபேசியில் நிம்மதியாக ஒரு பெருமூச்சு. பிறகு, "இனிமே இந்த மாதிரி போன் பண்ணீங்கன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தாள்.

குழாய் சொட்டியது.

கதவுக்குள் தொலைக்காட்சியின் சத்தம் மறுபடி ஏறியது.

அவள் கையில் ஒரு கை இருந்தது.

டீச்சரம்மா கைபேசியை வாங்கிக்கொள்ளச் சங்கிலியைக் கழற்றிக் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தார். என்னம்மா ஆச்சு என்று கேட்க வாயெடுத்தவர் பார்வை வழக்கம்போலக் குழந்தையைத் தேடிக் கீழே இறங்கியது. அங்கேயே நின்றுவிட்டது. நாற்பது வருடம் பிள்ளைகளைப் பார்த்த முகம் அது. அந்த முகம் வெளிறிப்போவதை அக்காம்மா பார்த்தாள். டீச்சரம்மா கைபேசியைக்கூட வாங்கவில்லை. ஓர் அடி, இன்னோர் அடி பின்னால் வைத்துக் கதவைச் சாத்தினார். சங்கிலி. தாழ்ப்பாள். மேல்தாழ்ப்பாள். பிறகு ஏதோ கனமான சாமானைத் தரையில் இழுத்து வந்து கதவுக்கு முட்டுக் கொடுக்கும் சத்தம்.

அவள் நேராகச் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது.

விரல்களைத் தளர்த்தினாள். ஒவ்வொன்றாக. சுண்டுவிரல். மோதிரவிரல். நடுவிரல். அவள் பிடி முழுக்க விட்ட பிறகும் கை விடுபடவில்லை.

"அக்காம்மா."

அவள் சாத்திய கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வீட்டுக்குப் போலாம்."

இது உன் வீடு இல்லையே என்று சொல்ல நினைத்தாள்.

"இங்க இல்ல. உன் வீட்டுக்கு." குரலுக்கு இப்போது பேச்சு நன்றாக வந்தது. "அங்க யாரும் இல்லல்ல?"

அழ வேண்டும் என்று தோன்றியது. யாராவது படியேறி வந்தால் போதும். தபால்காரர், தண்ணீர்க்கேன் போடுகிறவர், யாராவது. மத்தியான நேரம். கட்டடம் முழுக்கச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் எங்கே என்று தேட ஒருவரும் இல்லை. சாயங்காலம் சிட்டுவின் அம்மா வருவாள், உள்ளே இருக்கும் அக்கா கதவைத் திறப்பாள், போயிட்டு வரேம்மா என்று சொல்லிவிட்டுக் கிளம்புவாள். நாளைக் காலை எட்டு மணிக்கு வருவாள். யாருக்கும் ஒரு குறையும் தெரியாது.

கை மெல்ல இழுத்தது. கால் நகர்ந்தது.

முதல் படி. இரண்டாவது படி.

கண்ணை எதிர்ச்சுவரில் வைத்துக்கொண்டாள். சுவரில் காரை பெயர்ந்திருந்தது. அதை மட்டும் பார்த்தாள். பக்கத்தில் காலடி ஓசை இல்லை. தன் செருப்பு மட்டும். சரக், சர்ர்.

ஏதோ ஒன்று மாறிக்கொண்டிருப்பது தோளில்தான் முதலில் தெரிந்தது. குழந்தையைப் பிடித்து நடக்கும் கை தொங்கிக்கொண்டிருக்கும். தோள் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கும். முப்பது வருடத்தில் அவளுடைய இடது தோள் அப்படியே படிந்துபோயிருந்தது. இப்போது அந்தத் தோள் தாழ்ந்திருக்கவில்லை.

கை இடுப்புக்கு வந்திருந்தது.

அவள் பிடித்திருந்த சின்னக் கை இப்போது அவள் கையை முழுதும் மூடியிருந்தது.

இரண்டாவது மாடித் திருப்பம். பூட்டிய கதவுகள். இறங்கு. பார்க்காதே. இறங்கு.

கை தோள் உயரத்துக்கு வந்தது.

உலர்ந்த, சில்லென்ற, நீளமான விரல்கள். மணிக்கட்டையும் தாண்டிச் சுற்றியிருந்தன.

"பாத்து," என்றது குரல். பக்கத்திலிருந்து இல்லை. மேலேயிருந்து. முப்பது வருடம் பதினோரு பிள்ளைகளிடம் அவள் பேசிய அதே கனிவோடு. "பாத்து வா. படி இருக்கு. ஒண்ணு... ரெண்டு..."

அவள் இறங்கினாள். கை தலைக்குமேல் நீண்டு நிமிர்ந்துவிட்டது. இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. குதிகால் தரையிலிருந்து எழும்பியது. பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற சின்னப் பிள்ளையைப்போல, நுனிக்காலில், ஒவ்வொரு படியாக, அவள் இறங்கிக்கொண்டிருந்தாள்.